மரம் வெட்டும் பிரபு

பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய ‘டிராகுலா’ நாவலில் ஒரு சின்னக் காட்சி வருகிறது. டிரான்சில்வேனியக் கோட்டைக்கு விருந்தாளியாக வந்து கைதியாகிப்போன ஜானதன் ஹார்க்கர், பிரபு தன் அறையில் படுக்கை விரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிடுகிறான். பிறகு கதவிடுக்கு வழியே எட்டிப் பார்த்தால், அதே பிரபு சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை எடுத்துவைக்கிறார். அவ்வளவு பெரிய கோட்டையில் ஒரு வேலையாள்கூட இல்லை. தன்னைக் கணவாயிலிருந்து ஏற்றிவந்த குதிரைவண்டியை ஓட்டியவரும் அவராகத்தான் இருக்க வேண்டும் என்று ஹார்க்கருக்கு அப்போதுதான் உறைக்கிறது. டிராகுலாவைப் பற்றி எழுதிய இத்தாலிய விமர்சகர் பிராங்கோ மொரெட்டி இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார். ஏவலாள் இல்லை, விருந்து இல்லை, வீண்செலவு இல்லை. இவர் பேருக்குத்தான் பிரபு என்பது அவருடைய வாதம்.

‘வி ரைசிங்’ என்ற கணினி விளையாட்டைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் படுக்கை விரிக்கும் பிரபுதான் நினைவுக்கு வருகிறார். ஸ்வீடனின் ஷோவ்டே நகரத்திலிருக்கும் ஸ்டன்லாக் ஸ்டுடியோஸ் நிறுவனம், முழுமையடையாத நிலையில் 2022 மே 17 அன்று இதை விற்பனைக்கு விட்டது. ஒரே வாரத்தில் பத்து லட்சம் பிரதிகள் போயின. ஸ்டீம் விற்பனைத் தளத்தில் ஒரே நேரத்தில் ஒன்றரை லட்சம் பேர் ஆடிய நாளும் அந்த மாதத்தில் உண்டு. முழுப் பதிப்பு 2024 மே 8 அன்று வந்தது. இந்த விளையாட்டில் நீங்கள் ஒரு ரத்தக் காட்டேரி. நூற்றாண்டுகள் தூங்கிக் கல்லறையிலிருந்து எழுகிறீர்கள். எழுந்ததும் செய்யும் முதல் வேலைகளில் ஒன்று, மரம் வெட்டுவது.

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. சர்வைவல் கிராஃப்டிங் என்று சொல்லப்படும் விளையாட்டு வகை, ஒன்றும் இல்லாதவனின் கதை. ‘மைன்கிராஃப்ட்’ (2011), ‘டோன்ட் ஸ்டார்வ்’ (2013), ‘ரஸ்ட்’, ‘ஆர்க்’, ‘வால்ஹெய்ம்’ என்று எதை எடுத்தாலும் ஆரம்பம் ஒன்றுதான். வெறுங்கையோடு ஒரு காட்டில் விழுகிறோம். கல் பொறுக்குகிறோம், கோடரி செய்கிறோம், மரம் சாய்க்கிறோம், பட்டறை போடுகிறோம். பட்டறை அடுத்த கருவியைத் தருகிறது, அந்தக் கருவி அடுத்த உலோகத்தைத் தோண்டித் தருகிறது. பசி, குளிர், இருட்டு ஆகிய மூன்றும் முதுகில் உதைத்துக்கொண்டே இருக்கும். ரத்தக் காட்டேரியோ செத்தவன். சோறு வேண்டாம், குளிராது, இருட்டு சொந்த வீடு. போதாததற்குப் பிரபு வேறு. உயிர் இல்லாதவனை வைத்து உயிர்பிழைக்கும் விளையாட்டு எப்படிச் செய்வது?

பிரபு என்ற அந்தப் பட்டம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செய்தித்தாள்களை ஆட்டிவைத்த காட்டேரிகள் எல்லோரும் கிராமத்து ஆட்கள். 1725இல் செர்பியாவின் கிசிலியேவோ கிராமத்தில், செத்தபின் வந்து ஊர்க்காரர்களின் கழுத்தை நெரித்ததாகச் சொல்லப்பட்ட பீட்டர் பிளகோயெவிச் அந்த ஊர்க்காரர்தான். ஆஸ்திரிய ராணுவ மருத்துவர்கள் மெத்வெஜா கிராமத்தில் பிணங்களைத் தோண்டிப் பார்த்து 1732இல் அறிக்கை எழுதினார்களே, அந்த விவகாரத்தின் மூலபுருஷராகச் சொல்லப்பட்ட அர்னோல்ட் பவுலும் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து செத்தவர் என்றுதான் அதில் இருக்கிறது. கவிஞர் பைரனின் மருத்துவராக இருந்த ஜான் பொலிடோரி 1819இல் ‘தி வேம்பயர்’ கதையில் லார்ட் ருத்வெனைப் படைத்தபோதுதான் காட்டேரி கோட்டு மாட்டிக்கொண்டு லண்டன் விருந்து மண்டபங்களுக்குள் நுழைந்தது. அதன்பின் கிராமத்துக்குத் திரும்பவே இல்லை. ஸ்டோக்கரின் பிரபு படுக்கை விரித்ததுகூடத் திரைக்கு வந்தபோது பெரும்பாலும் கழற்றி வீசப்பட்டது. மேலங்கியும் மெழுகுவத்தியும் மிஞ்சின.

ஸ்டன்லாக் செய்த காரியம், அந்தப் பிரபுவின் கையில் கோடரியைக் கொடுத்தது. அவர்கள் அதைக் கேலியாகச் செய்யவில்லை. சர்வைவல் விளையாட்டின் ஒவ்வொரு உறுப்பையும் எடுத்து, காட்டேரிக் கதையில் அதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்று தேடி மாற்றி வைத்திருக்கிறார்கள். எங்கே பொருந்தியது, எங்கே பொருந்தவில்லை என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் பசி. வழக்கமான விளையாட்டில் வயிறு ஒரு கோடு. அது குறையும், எதையாவது தின்றால் ஏறும். காட்டேரி விளையாட்டுகளில் இதற்கு முன்னோடி 1996இல் வந்த ‘பிளட் ஓமன்: லெகசி ஆஃப் கெய்ன்’. அதன் நாயகன் கெய்னின் ரத்தக் கோடு சும்மா நின்றாலும் இறங்கிக்கொண்டே இருக்கும். வி ரைசிங்கிலும் ரத்தம் இறங்குகிறது. ஆனால், அதை நிரப்புவது பெரிய கஷ்டமில்லை. ஓர் எலியோ மானோ கிடைத்தால் போதும். பசி அங்கே பயமுறுத்துவதில்லை. பயத்துக்குப் பதிலாக ருசியை வைத்தார்கள், அதுதான் புத்திசாலித்தனம்.

ரத்தத்துக்கு இரண்டு அடையாளங்கள்: வகை, தரம். போர்வீரன், கள்வன், அறிஞன், முரடன், தொழிலாளி, விலங்கு என்று வகைகள். தரம் நூறு சதவீதம்வரை போகும். போர்வீரன் ரத்தம் குடித்தால் ஆயுத அடி பலப்படும். அறிஞன் ரத்தம் மந்திரத்தைக் கூட்டும். விலங்கின் ரத்தம் காலுக்கு வேகமும் வெயில் தாங்கும் சக்தியும் தரும். தரம் ஏற ஏற அடுத்தடுத்த பலன்கள் திறக்கும். புது ஆளை முழுக்கக் குடித்தால் பழைய வகை போய்ப் புதியது உடம்பில் ஏறும். தொண்ணூறு சதவீதப் போர்வீரன் ரத்தத்தோடு பெருமையாக அலைந்துகொண்டிருப்போம். கோடு அடிமட்டத்துக்கு வந்திருக்கும். சுற்றுமுற்றும் பார்த்தால் ஐந்து சதவீத ஓநாய் ஒன்று நிற்கும். அதைக் குடிப்பதா, தாங்குவதா? சோறு தின்னும் எந்த விளையாட்டிலும் இந்தச் சங்கடம் இவ்வளவு கூர்மையாக வந்ததில்லை. ஒரு கிராமத்துக்குள் மறைந்து நடந்துகொண்டு, போகிறவர் வருகிறவர்மேல் சுட்டியை வைத்து, இவன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பழக்கம் சீக்கிரமே வந்துவிடுகிறது. ஆள் மறைந்து எண் மட்டும் தெரிகிறது.

இந்த வகைகளில் தொழிலாளி ரத்தத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதைக் குடித்தால் என்ன பலன் தெரியுமா? மரம் வெட்டினால், கல் உடைத்தால், கூடுதலாகக் கிடைக்கும். ஒரு மரவெட்டியின் உயிரைக் குடித்து, அவனுடைய கைத்திறனை நம் கைக்கு மாற்றிக்கொண்டு, அதே காட்டில் அவன் வெட்டவிருந்த மரத்தை வெட்டுகிறோம். உயிருள்ள உழைப்பை உறிஞ்சித்தான் மூலதனம் வாழ்கிறது என்று 1867இல் எழுதிய கார்ல் மார்க்ஸ், அதற்கு எடுத்துக்கொண்ட உருவகம் ரத்தக் காட்டேரி. அவர் உருவகமாகச் சொன்னதை ஸ்வீடன்காரர்கள் ஒரு சதவீதக் கணக்காக்கிவிட்டார்கள். மார்க்ஸை மனதில் வைத்துத்தான் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. வளம் திரட்டும் விளையாட்டில் காட்டேரியை நுழைத்தால் அது போய்ச் சேரும் இடம் இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

அடுத்தது அறிவு. மற்ற விளையாட்டுகளில் ஆயிரம் மரம் வெட்டினால் வெட்டும் திறன் ஏறும், அல்லது புள்ளிகள் சேர்ந்து லெவல் கூடும். இங்கே அப்படிச் சேரும் புள்ளிகள் கிடையாது. தரித்திருக்கும் ஆயுதம், கவசம் முதலியவைதான் உங்கள் லெவல். அவற்றைச் செய்யும் வித்தையில் பெரும்பகுதியோ வார்டோரன் என்ற அந்த நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ‘வி பிளட்’ பாஸ்களின், அதாவது பெரும் எதிரிகளின், ரத்தத்தில் இருக்கிறது. ரத்த வாடை அவர்களின் தடத்தைக் காட்டும். மோப்பம் பிடித்துப் போய், வீழ்த்தி, குடித்தால் வித்தை உங்களுடையது. ஓநாயைக் குடித்தால் ஓநாயாக மாறலாம். கொள்ளைக்காரர்களின் மேஸ்திரி ரூபஸைக் குடித்தால் தச்சு வேலை தெரியும். பனி வில்லாளி கீலியிடம் தோல் பதனிடுதல் இருக்கிறது. கொள்ளையர் தலைவன் குவின்சியிடம் இரும்பு. ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலாவின் நெஞ்சில் கத்தி இறக்கும் அமெரிக்கரின் பெயரும் குவின்சிதான். பழைய கணக்கு ஒன்று தீர்க்கப்படுவதுபோல் இருக்கிறது.

பியாட்ரிஸ் என்று ஒரு தையல்காரியும் இந்தப் பட்டியலில் உண்டு. வெளிச்சமான ஒரு கிராமத்தில் இருக்கிறாள். மற்ற பாஸ்கள் எல்லோரும் எகிறிக் குதித்து நெருப்பும் பனியும் வீசும்போது, இவள் சண்டையே போடுவதில்லை. பயந்து ஓடுகிறாள், காவலர்கள்தான் குறுக்கே வருகிறார்கள். அவளைத் துரத்திப் பிடித்துக் கொன்றால்தான் அவளுடைய வித்தை கைக்கு வரும். வேட்டைப் பட்டியலில் ஒரு பெயராக மட்டும் இருந்தவள், ஓடத் தொடங்கியதும் ஆளாகிவிடுகிறாள். இந்த விளையாட்டில் என்னை நிறுத்தி யோசிக்கவைத்த இடங்கள் அதிகமில்லை. இது ஒன்று.

இனி வெயில். மற்ற உறுப்புகள் எல்லாம் பழையதற்கு மாற்று, இது தலைகீழ். சர்வைவல் விளையாட்டுகளில் இரவு என்றால் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்த வேண்டும். இங்கே பகல் வந்தால் ஓட வேண்டும். வெயில் பட்டால் காட்டேரி சாகும் என்ற விதி ஆதிகாலத்தது என்றுதான் பலரும் நினைத்திருக்கிறோம். ஸ்டோக்கரின் பிரபு பகலில் லண்டன் தெருவில் தாராளமாக நடக்கிறார். சக்திகள் கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். சூரிய ஒளியில் கரைந்து மறைவது இயக்குநர் முர்னாவின் ‘நோஸ்ஃபெராட்டு’ (1922) ஊமைப்படம் கொண்டுவந்தது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, அந்தப் படத்தின் பிரதிகளை அழிக்கச்சொல்லி நீதிமன்றத் தீர்ப்பும் வாங்கினார். பிரதிகள் சில தப்பின, வெயிலும் தப்பியது.

வி ரைசிங்கில் வெயில் என்பது திரையின் ஓரத்தில் ஓடும் கடிகாரம் மட்டுமல்ல. தரையில் விழும் நிழல். மரத்துக்கும் பாறைக்கும் சுவருக்கும் நிழல் உண்டு. அதற்குள் நின்றால் தப்பிக்கலாம், வெளியே வந்தால் சில நொடிகளில் உடம்பு பற்றிக்கொள்ளும். சூரியன் நகர நகர நிழலும் சாய்கிறது. ஆகவே பகல் பயணம் என்பது ஒரு நிழலிலிருந்து அடுத்த நிழலுக்குத் தாவும் சதுரங்கம். பாதியில் ஒரு எதிரி குறுக்கிட்டால் சண்டையும் அந்த நிழல் துண்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். எதிரியைப் பார்ப்பதா, காலடியைப் பார்ப்பதா என்று கண் அல்லாடும்.

மரம் வெட்டுவதோடு இதைச் சேர்த்துப் பார்த்தால்தான் வடிவமைப்பின் அழகு தெரியும். கோட்டைக்கு மரம் வேண்டும். வெட்டினால் நிழல் போகும். இரவெல்லாம் ஆசை ஆசையாகச் சாய்த்த காட்டில் விடிந்ததும் ஒதுங்க இடமில்லாமல் நிற்போம். வளத்தை எடுத்தால் என்ன இழப்பு என்பதை மற்ற விளையாட்டுகள் பெரும்பாலும் சொல்வதே இல்லை. மரம் மறுபடி முளைத்துவிடும், கதை முடிந்தது. இங்கே வெட்டியவன் தோல்மேலேயே விலை எழுதப்படுகிறது. கோட்டைக்குள் எலும்பை எரித்து மூட்டம் கிளப்பும் கணப்பு வைத்தால் முற்றத்திலும் நிழல் கிடைக்கும். ஆனால், அதற்கு எலும்பு வேண்டும், எலும்புக்கு வேட்டை வேண்டும்.

வெயில் போதாதென்று பூண்டு, புனித நிலம், வெள்ளி என்று பழைய பயங்களையும் கொண்டுவந்திருக்கிறார்கள். வெள்ளித் தாதுவைப் பையில் சுமந்தாலே உடம்பு வலுவிழந்து எரியும். இங்கே கனத்துக்குப் பதிலாகக் காயம். சுமை என்பதற்குக் காட்டேரிக் கதையில் இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது.

சண்டையைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஸ்டன்லாக் இதற்குமுன் ‘பிளட்லைன் சாம்பியன்ஸ்’ (2011), ‘பேட்டில்ரைட்’ (2017) ஆகிய அரங்கச் சண்டை விளையாட்டுகளைச் செய்தவர்கள். மேலிருந்து பார்க்கும் கோணம், விசைப்பலகையில் நடை, சுட்டியில் குறி, ஒவ்வொரு அடியையும் கண்ணால் பார்த்து விலகலாம் என்ற நேர்மை எல்லாம் அங்கிருந்து வந்தவை. சர்வைவல் விளையாட்டுகளில் கோடரியைச் சும்மா காற்றில் வீசிக்கொண்டிருக்கும் அசட்டுச் சண்டைக்குப் பழகியவர்களுக்கு இது வேறு உலகம். ஒரு சுவையான உபரித் தகவல்: வால்ஹெய்மைச் செய்த அயர்ன் கேட் நிறுவனமும் இதே ஷோவ்டேதான். விளையாட்டு உருவாக்கம் கற்றுத்தரும் பல்கலைக்கழகம் ஒன்று அந்தச் சிறு நகரத்தில் இருக்கிறது. 2021லும் 2022லும் உலகத்தையே கட்டிப்போட்ட இரண்டு சர்வைவல் விளையாட்டுகள் அங்கிருந்து அடுத்தடுத்து வந்தன.

கோட்டைக்கு வருவோம். முதலில் கோட்டை இதயம் என்ற ஒன்றை நட வேண்டும். அது துடிக்க ரத்தச் சாரம் வேண்டும். நீங்கள் கொல்லும் ஒவ்வொரு உயிரும் கொஞ்சம் சாரம் தரும். அது தீர்ந்தால் சுவர்கள் சிதையத் தொடங்கும். அதாவது வீட்டுக்கும் பசி உண்டு. தொடக்கத்தில் மரப்பலகை வேலி, நாலைந்து பட்டறை. பிறகு கல் சுவர், அறைக்கு ஏற்ற தரை. அறையும் தரையும் பட்டறைக்குப் பொருந்தினால் உற்பத்திச் செலவு குறையும். 2023இல் வந்த ‘குளூம்ராட்’ மேம்பாடு மாடிகளையும் அனுமதித்தது. அதன்பின் இதைக் கோட்டை அலங்காரத்துக்காகவே ஆடும் ஒரு கூட்டம் பெருகியது.

இந்தக் கோட்டை வளரும்போது ஆடுபவரின் நிலை மெல்ல மாறுகிறது. மனிதர்களை வசியம் செய்து நடத்திக்கொண்டு வந்து சவப்பெட்டியில் இட்டால், பணியாளாக எழுவார்கள். அவர்களை வேட்டைக்கு அனுப்பலாம். நிஜ நேரத்தில் மணிக்கணக்கில் போய், தோலோ இரும்போ மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். அப்போது நீங்கள் மரம் வெட்டுவது குறைந்துபோகிறது. எலும்புக் கத்தியோடு காட்டில் ஒளிந்து திரிந்தவர், சில நாள் ஆட்டத்தில் மண்டபத்தில் நின்று ஆளுக்கு ஒரு வேலை பிரித்துக்கொடுக்கும் ஜமீன்தாராகிவிடுகிறார். ஸ்டோக்கரின் பிரபுவுக்குக் கிடைக்காத வேலையாட்கள் இவருக்குக் கிடைத்துவிட்டார்கள். சர்வைவல் விளையாட்டில் முன்னேற்றம் என்று நாம் சொல்வதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதை வேறெந்த விளையாட்டும் இவ்வளவு அப்பட்டமாகக் காட்டியதில்லை என்பேன்.

சிறை அதைவிடக் கடுமை. உயர்ந்த சதவீத ரத்தம் உள்ளவனைக் கண்டுபிடித்தால் கொல்வது வீண். கூண்டில் அடைத்து, அவ்வப்போது ரத்தம் எடுத்துப் போத்தலில் அடைக்கலாம். எடுக்க எடுக்க அவன் துயரம் என்று ஒரு கோடு ஏறும், உடல் நலம் இறங்கும். எலியோ மீனோ போட்டால் தேறுவான். குளூம்ராட் வந்தபின் கதிரியக்கக் கூழ் ஒன்றை ஊட்டி ரத்தத்தின் தரத்தை உயர்த்தவும் வழி செய்தார்கள். சில நேரம் ஆள் விகாரமாகி மாறிவிடுவான், அது ஆடுபவருக்கு நஷ்டம். துயரம் என்ற சொல்லையே ஒரு நிர்வாக அளவீடாக்கியிருப்பதில் இருக்கும் குரூரம் தெரிந்து செய்ததா என்று என்னால் இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. விளையாட்டு அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

பேசிய விளையாட்டு ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு நிறுவனமான டோன்ட்நாட் 2018இல் வெளியிட்ட ‘வாம்பயர்’, 1918இன் விஷக்காய்ச்சல் கால லண்டனில் நடக்கிறது. நாயகன் ஜானதன் ரீட், காட்டேரியாகிப்போன மருத்துவர். அங்கே ஒவ்வொரு ஆளுக்கும் பெயரும் வீடும் ரகசியமும் உண்டு. ஒருவரைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்கிறோமோ அவ்வளவுக்கு அவர் ரத்தத்தின் மதிப்பு ஏறும். நெருங்கியவரைக் கொல்வதில்தான் லாபம். கொன்றால் அந்தப் பேட்டையே சீரழியத் தொடங்கும். அறத்தைப் பொறுத்தவரை வி ரைசிங் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆனால், அதில் ஆடுபவர் கட்டுவதற்கு ஒன்றுமில்லை. கட்டும் விளையாட்டில் மனிதர்கள் மூலப்பொருளாவதைத் தவிர்க்க முடியுமா என்பது, எனக்குத் தெரிந்து, இந்த வகையில் யாரும் நேராகத் தொடாத கேள்வி.

பலரோடு ஆடும் சர்வர்களில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆடுபவர்கள் ஒருவரையொருவர் தாக்கிக்கொள்ளும் பிவிபி சர்வர்களில் மற்ற காட்டேரிகள் உங்கள் கோட்டையை உடைக்கலாம். முற்றுகைக்கென்று பிரம்மாண்டமான கல் பூதமாக மாறலாம். அதற்கு அனுமதிக்கப்பட்ட நேரத்தைச் சர்வர் நடத்துபவர் குறிக்கலாம். எப்போது வந்து உடைப்பார்களோ என்ற தூக்கமின்மை ரஸ்ட் ஆடியவர்களுக்குப் பழகியது. கோட்டை இதயமோ நீங்கள் ஆபீசில் இருக்கும்போதும் சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். ஜமீன்தாராகிவிட்டோம் என்று நினைத்தவர், வேலை முடிந்து வந்ததும் இதயத்துக்குத் தீனி போட ஓட வேண்டியிருக்கிறது. குடும்பம், வேலை உள்ளவர்கள் பிவிபி பக்கம் போகாமல் நண்பர்களோடு தனிச் சர்வரில் ஒதுங்குவதில் வியப்பில்லை.

முழுப் பதிப்பு கதைக்கு ஒரு முடிவையும் கொண்டுவந்தது. மோர்டியம் இடிபாடுகளில் டிராகுலாவே கடைசி பாஸ். கொனாமியின் ‘கேசல்வேனியா’ (1986) விளையாட்டிலிருந்து காட்டேரி வேட்டைக்காரன் சைமன் பெல்மான்ட்டையும் அழைத்துவந்தார்கள். சாட்டையோடு டிராகுலாவைத் தேடிப் போனவன், இங்கே நம்மிடம் அடிபட்டு விழுகிறான். 2025 ஏப்ரலில் வந்த ‘இன்வேடர்ஸ் ஆஃப் ஓக்வெயில்’ புதிய காட்டையும் எதிரிகளையும் சேர்த்தது. ஆட்டம் பெருத்திருக்கிறது, மேலே சொன்ன உறுப்புகள் மாறவில்லை.

தனிச் சர்வர் வைத்துக்கொண்டால் இந்த உறுப்புகளை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ரத்தம் இறங்கும் வேகம், கோட்டை சிதையும் வேகம், வெயிலின் உக்கிரம் எல்லாவற்றுக்கும் தனித்தனி அளவுகள் உண்டு. ரத்தம் இறங்குவதை மிகக் குறைத்து ஆடிப் பார்த்தால், பெரிதாக எதையும் இழந்ததாகத் தெரியவில்லை. கோட்டை சிதைவதைக் குறைத்தால் நிம்மதிதான். வெயிலைக் குறைத்தால் மட்டும் ஆட்டம் கையை விட்டுப் போகிறது. காடு வெறும் கச்சாப்பொருள் கிடங்காகிவிடுகிறது. எந்த மரத்தை விட்டுவைக்கலாம் என்று யோசிக்கவேண்டிய தேவையே இல்லை. சர்வைவல் வகைக்குப் பசிதான் உயிர்நாடி என்று இதுவரை வந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை நம்பின. பசி பெரிதாக இல்லாத பாத்திரத்தை வைத்து இதை ஆடியபின் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. அடுத்து வரும் சர்வைவல் விளையாட்டுகள் இதிலிருந்து எதையாவது எடுப்பதென்றால், ரத்த வகைகளை விட்டுவிட்டு, வெட்டிய மரத்தோடு நிழலும் போகும் அந்த ஒரே விதியை எடுத்தால் போதும்.